86 டாலர் கட்டி 25 லட்சம் டாலர் ஜெயித்த அக்கவுண்டன்ட்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா படிங்க.

2003 மே மாதம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற பழைய சூதாட்ட விடுதி.

உலகத்தின் மிகப்பெரிய போக்கர் போட்டி அங்கே நடக்கிறது. மொத்தம் 839 பேர். தலைக்கு 10 ஆயிரம் டாலர் நுழைவுக் கட்டணம். அன்றைய மதிப்பில் நம்ம ஊர் பணத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேல.

அந்த 839 பேரில் ஒருவர் டென்னசி மாநிலத்திலிருந்து வந்த 27 வயது அக்கவுண்டன்ட். அதற்கு முன்பு அவர் மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு போக்கர் போட்டிகூட ஆடியதில்லை. ஆடியதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

பேரு கிறிஸ் மணிமேக்கர். பணம் பண்ணுபவர் என்று அர்த்தம். சத்தியமா அதுதாங்க அவரோட குடும்பப் பெயர். ஜெர்மனியில் இருந்த முன்னோர்கள் நாணயம் அடிக்கும் தொழில் செய்தவர்கள், அதனால் வந்த பெயர் என்பது அவர்கள் வீட்டு வழக்கு. சினிமாவில் ஹீரோவுக்கு இப்படிப் பேர் வைத்தால் ஓவரா இருக்குன்னு நாமே சொல்லியிருப்போம்.

ஐந்து நாள் முடிவில் மேசையில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். பரிசு 25 லட்சம் டாலர்.

அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது, அதுக்கப்புறம் உலகத்தில் என்ன நடந்தது, ஒரு அரசு மருத்துவமனை டாக்டருக்கு இதில் என்ன வேலை என்பதுதான் இந்த இழை.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி.

நம்ம ஊர் மூணு சீட்டு தெரியும்ல? கல்யாண வீட்டில் ராத்திரி மண்டபத்து மாடியில் ஓடுமே, அதேதான். சீட்டு நல்லா இருக்குன்னு காட்டிப் பணத்தை ஏத்திக்கிட்டே போகலாம். எதிராளி பயந்து கவுத்துட்டா, கையில் குப்பை சீட்டு வைத்திருந்தவனும் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போவான். போக்கரின் உயிர்நாடியும் அதேதான்.

மணிமேக்கர் ஆடிய வகைக்கு டெக்ஸாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ரெண்டு சீட்டு மூடித் தருவார்கள். அப்புறம் மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள். முதலில் மூணு சேர்த்து, பிறகு ஒண்ணு, கடைசியாக ஒண்ணு. இந்த ஏழில் சிறந்த ஐந்தை யார் சேர்க்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒவ்வொரு திறப்புக்கு நடுவிலும் பந்தயம் ஏறும். எந்த நேரத்திலும் கையில் உள்ள அத்தனையையும் தள்ளலாம். அதுக்குப் பேரு ஆல் இன்.

இப்ப வரலாறு.

பென்னி பினியன் என்று ஒரு ஆள். டல்லாஸ் நகரத்தில் சட்டவிரோத சூதாட்டம் நடத்திக்கொண்டிருந்த தாதா. 1946-இல் லாஸ் வேகாஸுக்கு இடம் மாறி, 1951-இல் ஹார்ஸ்ஷூ விடுதியைத் திறந்தார். 1970-இல் நாட்டின் பெரிய சீட்டாட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்று பேர் வைத்தார். முதல் வருஷம் ஜெயித்தவரைத் தேர்ந்தெடுத்ததே ஓட்டுப் போட்டுத்தான்! ஜானி மாஸ் என்ற பழம்பெரும் ஆட்டக்காரருக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷத்திலிருந்து முறை மாறியது. சிப்ஸ் தீர்ந்தவன் வெளியே போகணும், கடைசியில் மிஞ்சுபவன் சாம்பியன். 1972-இல் ஆடியது 8 பேர். 1982-இல்தான் 100 பேரைத் தாண்டியது. 1991-இல் முதல் பரிசு 10 லட்சம் டாலர் ஆனது.

கூட்டம் சேர்ந்ததற்கு ஒரு எளிய உத்திதான் காரணம். 10 ஆயிரம் டாலர் யாரிடம் இருக்கும்? அதனால் பத்து பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டு ஆடுங்க, ஜெயிப்பவருக்குப் பெரிய போட்டியில் ஒரு சீட்டு என்று ஆரம்பித்தார்கள். சாட்டிலைட் என்று பெயர். எரிக் டிராக் என்பவர் 1970-களின் கடைசியில் கொண்டுவந்தது. நம்ம ஊரில் பத்து பேர் சேர்ந்து பம்பர் லாட்டரி வாங்கின கதை மாதிரி தோணும். ஆனால் இங்கே பங்கு கிடையாது. ஒருத்தனுக்கு மட்டும்தான்.

2001-இல் போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையதளம் வந்தது. சாட்டிலைட்டை இணையத்துக்குக் கொண்டுபோனார்கள். இனிமேல் லாஸ் வேகாஸ் போகவே வேண்டாம். லுங்கியோட வீட்டில் உட்கார்ந்தே தகுதி பெறலாம். (அவங்க லுங்கி கட்டல, சரி.)

அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் நம்ம அக்கவுண்டன்ட் உள்ளே வந்தார்.

அவர் கட்டியது 86 டாலர். அன்றைக்கு நம்ம காசில் சுமார் 4 ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்துச் செய்திகளில் 39, 40 டாலர் என்றெல்லாம் வந்தது. பின்னாளில் அவரே 86 என்று திருத்தினார். அதில் ஜெயித்து, அடுத்த கட்டத் தகுதிப் போட்டிக்குப் போனார்.

அங்கே நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அந்தத் தகுதிப் போட்டியில் முதல் மூணு பேருக்கு லாஸ் வேகாஸ் சீட்டு. நாலாவது வருபவருக்கு 8 ஆயிரம் டாலர் ரொக்கம். மணிமேக்கருக்கு நாலாவது இடம்தான் வேணும்! சீட்டை விற்றுக் காசாக்க முடியாது, ரொக்கம் கிடைத்தால் கடனுக்காவது ஆகும் என்பது அவர் கணக்கு. வேணும்னே தோற்கப் பார்த்தார். ஒரு நண்பர் விடவில்லை. நீ ஜெயி, உன் பங்கில் பாதியை நான் வாங்கிக்கறேன் என்று உசுப்பேற்றினார்.

இவரும் ஜெயித்தார். அப்புறம் அந்த நண்பரால் சொன்ன பணத்தைக் கொடுக்க முடியவில்லை. கடைசியில் அப்பாவும் வேறொரு நண்பரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொண்டு கைச்செலவுக்குப் பணம் தந்தார்கள்.

உலக சாம்பியன் கதையின் தொடக்கம் இப்படி. கனவு, லட்சியம், வெறி எதுவுமில்லை. எட்டாயிரம் டாலர் கையில் வந்தால் போதும் என்று நினைத்த ஒரு குடும்பஸ்தர்.

சரி, மேசைக்கு வருவோம். இங்கே டாக்டர் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஆடும்போது உங்க முகம் யாருக்கும் தெரியாது. நேரில் அப்படியில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனின் தொழிலே உங்க உடம்பைப் படிப்பதுதான்.

நல்ல சீட்டு வந்ததும் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். ஒல்லியான ஆளாக இருந்தால் கழுத்தில் கரோட்டிட் நாடி அடிப்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கே தெரியும். கண்ணின் பாப்பா விரியும். வாய் உலரும். எச்சில் விழுங்குவது தெரியும்.

இதில் எதையும் நாம் நினைத்து நிறுத்த முடியாது. தன்னியக்க நரம்பு மண்டலம் நம்ம பேச்சைக் கேட்காது. போக்கர் ஆடுபவர்கள் ராத்திரியிலும் கூலிங் கிளாஸ், தொப்பி, ஹூடி என்று போர்த்திக்கொண்டு உட்கார்வது ஸ்டைலுக்கு மட்டும் இல்லை. மணிமேக்கரும் கண்ணாடிக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தார்.

இன்னொரு சுவாரஸ்யம். சிப்ஸைத் தள்ளும்போது ஒருவருக்குக் கை நடுங்கினால் என்ன நினைப்பீங்க? பயப்படுறான், பொய் சொல்றான்னு தானே? மைக் காரோ என்பவர் 1984-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரும்பாலும் நேர் எதிர் என்பார் அவர். பொய் ஆட்டம் ஆடுபவன் உடம்பை இறுக்கிக்கொண்டு சிலையாகிவிடுவான். திடீரென்று கை நடுங்குபவனிடம் மிகப் பலமான சீட்டு இருக்கும், பதற்றம் தளரும்போது வரும் நடுக்கம் அது. வைவா தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகு கால் நடுங்கிய அனுபவம் மருத்துவ மாணவர் எல்லோருக்கும் உண்டு. உள்ளே இருக்கும்போது வராது.

இப்படிப்பட்ட மேசையில் முதல் தடவை உட்கார்ந்த ஒருவர், ஜானி சானை வெளியேற்றினார். சான் யார்னா, 1987, 1988 என்று தொடர்ந்து ரெண்டு முறை உலக சாம்பியன். 1989-இல் மூணாவது முறையும் இறுதி வரை வந்து 24 வயது ஃபில் ஹெல்மூத்திடம் தோற்றவர். 1998-இல் வந்த ரவுண்டர்ஸ் படத்தில் அவருடைய 1988 ஆட்டக் காட்சியே இடம்பெறும். கிரிக்கெட்டில் சொல்லணும்னா, டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்த பையன் முதல் மேட்சிலேயே ரிச்சர்ட்ஸ் விக்கெட்டை எடுத்த மாதிரி.

அடுத்து ஃபில் ஐவி. இன்றைக்கும் பலர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லும் ஆள்.

பத்து பேர் மீதி. ஒருவர் வெளியேறினால் இறுதி மேசை. மணிமேக்கர் கையில் ஏஸ், ராணி. ஐவி கையில் ரெண்டு ஒன்பது. மேசையில் முதல் மூணு சீட்டு: ராணி, ராணி, ஆறு. மணிமேக்கரிடம் மூணு ராணி ஆச்சு. ஐவி கதை முடிந்தது என்று நினைக்கும்போது நாலாவது சீட்டு ஒன்பது.

ஐவியிடம் இப்போது மூணு ஒன்பது, ரெண்டு ராணி. ஃபுல் ஹவுஸ். மூணு ராணியை அது தோற்கடிக்கும். சிப்ஸ் எல்லாம் நடுவில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 52 சீட்டில் 8 தெரிந்துவிட்டது. மீதி 44. மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை மூணு ஏஸ், மூணு ஆறு, ஒரு ராணி. மொத்தம் 7. நாற்பத்து நாலில் ஏழு, அதாவது 100-க்கு 16.

ஐசியூவில் அட்டெண்டரிடம் 16 சதவீதம் வாய்ப்பிருக்கு என்று நாங்கள் சொன்னால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

கடைசிச் சீட்டு ஏஸ். ஐவி பத்தாவது இடத்தில் வெளியேறினார்.

இந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அந்த ஒரு சீட்டு வேறாக வந்திருந்தால் சிப்ஸில் பெரும்பகுதி ஐவியிடம் போயிருக்கும். இந்த இழையை எழுத எனக்கு வேலை இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இறுதி மேசையில் 1995 சாம்பியன் டான் ஹாரிங்டன் மூணாவது வந்தார். மிஞ்சியது ரெண்டு பேர். மணிமேக்கர், சாமி ஃபர்ஹா.

ஃபர்ஹா பெய்ரூட்டில் பிறந்தவர். முழுநேரச் சூதாட்டக்காரர். கோட், பட்டன் திறந்த சட்டை, வாயில் பற்ற வைக்காத சிகரெட். (பற்ற வைக்காததற்கு ஒரு டாக்டராக நன்றி.) பழைய லாஸ் வேகாஸ் எப்படியிருக்கும் என்று படம் வரைந்தால் அவரைத்தான் வரையணும்.

ஆரம்பிக்கும் முன் மணிமேக்கர் ஒரு பேரம் பேசினார். முதல் பரிசு 25 லட்சம், ரெண்டாம் பரிசு 13 லட்சம். சமமாகப் பிரித்துக்கொண்டு பட்டத்துக்கு மட்டும் ஆடலாமா என்று. சிப்ஸ் கணக்கில் இவர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு முன்னிலை! அப்படியிருந்தும் சமமாகப் பிரிக்கத் தயார். ஃபர்ஹா ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பையனைவிட நான் பெரிய ஆட்டக்காரன் என்ற நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான்.

அப்புறம்தான் அந்த ஆட்டம்.

மணிமேக்கர் கையில் ராஜா, ஏழு. ஃபர்ஹா கையில் ராணி, ஒன்பது. மேசையில் ஒன்பது, ரெண்டு, ஆறு, அப்புறம் எட்டு. ஃபர்ஹாவிடம் ஜோடி ஒன்பது இருக்கிறது. மணிமேக்கரிடம் இருப்பது வாய்ப்புகள் மட்டும். இன்னொரு ஸ்பேடு வந்தால் ஃப்ளஷ். அஞ்சோ பத்தோ வந்தால் வரிசை.

கடைசிச் சீட்டு ஹார்ட் மூணு. வாய்ப்புகள் எல்லாம் போச்சு. கையில் ஒன்றுமே இல்லை.

மணிமேக்கர் அத்தனையையும் தள்ளினார். ஆல் இன்.

ஃபர்ஹா யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். உன் ஃப்ளஷ் வராம போச்சு போலிருக்கே என்று வாய்விட்டே கேட்டார். சரியாகத்தான் கேட்டார்! மணிமேக்கர் அசையவில்லை. மேலே சொன்னேனே, சிலை மாதிரி.

ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்தார். ஜெயிக்கும் சீட்டைக் கவிழ்த்தார்.

பிறகு ரொம்ப நேரம் இழுக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் ஜாக்கி, பத்து. மணிமேக்கரிடம் ஐந்து, நாலு. மேசையில் ஜாக்கி, ஐந்து, நாலு. ஃபர்ஹா ஜோடி ஜாக்கியை நம்பினார், இவரிடம் ரெண்டு ஜோடி. கடைசிச் சீட்டு இன்னொரு ஐந்து. முடிஞ்சது.

இப்ப ஒரு கேள்வி. அந்தப் பொய் ஆட்டத்தில் மணிமேக்கர் கையில் ஒன்றுமில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? சீட்டு மூடியிருந்தது. ஃபர்ஹாவுக்கே தெரியாது.

தெரிந்தது டிவி பார்த்தவர்களுக்கு. மேசை ஓரத்தில் குட்டி கேமரா. ஆட்டக்காரர் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது கேமராவும் பார்த்துவிடும்.

இதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரென்ஸ்டைன். இவரைப் பற்றித் தனி இழையே போடலாம். போலந்தில் பிறந்த யூதர். ஹிட்லரின் வதை முகாம்களில் ஐந்தில் இருந்து பிழைத்தவர். அப்பா அம்மா கொல்லப்பட்டார்கள். முகாமில் ஒரு நாள், விஞ்ஞானிகளும் கணித மேதைகளும் பெயர் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. இவர் விஞ்ஞானியே இல்லை. ஆனாலும் தன் பெயரையும் உடன்பிறந்தவர்கள் பெயரையும் கொடுத்தார். அந்தப் பொய்தான் உயிரைக் காப்பாற்றியது.

பிறகு அமெரிக்கா வந்து பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்காவுக்கு வந்ததில் இவருக்கும் பங்கு உண்டு. 2021-இல் 98 வயதில் காலமானார். பொய் ஆட்டத்தை உலகத்துக்கே திறந்து காட்டிய கேமராவுக்குச் சொந்தக்காரர், உயிரைப் பந்தயமாக வைத்து ஒரு பொய் ஆட்டம் ஆடி ஜெயித்தவர். இந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

கேமராவுக்கு முன்பு டிவியில் போக்கர் பார்ப்பது என்பது நாலு பேர் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது. கேமரா வந்த பிறகு, ஆட்டக்காரருக்குத் தெரியாத ரகசியம் நமக்குத் தெரியும். வில்லன் கதவுக்குப் பின்னால் நிற்பது ஹீரோவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் என்கிற அதே சினிமா உத்தி.

இஎஸ்பிஎன் சேனல் இதை 2003 கோடையில் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. திரும்பத் திரும்பப் போட்டது. பார்த்தவர்கள் மனசில் ஓடியது ஒரே வரி: இவனால முடியும்னா என்னால முடியாதா?

எண்ணிக்கையைப் பாருங்க. 2003-இல் 839 பேர். 2004-இல் 2,576. 2005-இல் 5,619. 2006-இல் 8,773.

2004 சாம்பியன் கிரெக் ரேமர், காப்புரிமை வழக்கறிஞர். அவரும் இணையத் தகுதிப் போட்டியில் வந்தவர்தான். 50 லட்சம் டாலர். 2005 சாம்பியன் ஜோ ஹாச்செம், ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டராக இருந்தவர். முதுகெலும்பை நெட்டி எடுத்து வைத்தியம் பார்ப்பவர். கை விரல்களைப் பாதிக்கும் அரிய ரத்தநாளப் பிரச்சினையால் தொழிலை விட்டுச் சீட்டாட்டத்துக்கு வந்தார். 75 லட்சம் டாலர். 2006-இல் ஜேமி கோல்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர்.

இந்தத் திடீர் வளர்ச்சிக்கு அமெரிக்காவில் மணிமேக்கர் எஃபெக்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அவர் முதல் கத்துக்குட்டி சாம்பியன் இல்லை. 1979-இலேயே ஹால் ஃபவுலர் என்ற அமெச்சூர் பெரிய தலைகளை வீழ்த்தி ஜெயித்தார். 2000-இல் ஜேம்ஸ் மெக்மேனஸ் என்ற எழுத்தாளர், பத்திரிகைக்குக் கட்டுரை எழுத வந்த இடத்தில் முன்பணத்தை வைத்து சாட்டிலைட் ஆடி, பெரிய போட்டியில் ஐந்தாவது இடம் பிடித்தார். 2002 சாம்பியன் ராபர்ட் வர்கோன்யி முதலீட்டு வங்கித் துறைக்காரர். இவங்க பேரெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? இவர்கள் ஆடியபோது, நாலாயிரம் ரூபாயில் வீட்டிலிருந்தே நுழையலாம் என்ற வாசலும், சீட்டைக் காட்டும் கேமராவும் சேர்ந்து இருக்கவில்லை. 2003-இல் ரெண்டும் இருந்தன. கூடவே அந்தப் பெயர்.

இனி நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

2003 போட்டியில் பரிசு கிடைத்தது 63 பேருக்கு. 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அதில் மணிமேக்கரைவிட நன்றாக ஆடியவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஏழு பகுதி நிகழ்ச்சி எடுக்கவில்லை. மருத்துவ ஆய்வில் பிழைத்த நோயாளிகளை மட்டும் எண்ணிவிட்டு மருந்து பிரமாதம் என்று சொன்னால் எந்த ஜர்னலும் போடாது. டிவி போடும்.

அதற்காக மணிமேக்கர் வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஐவியோடு ஆடிய ஆட்டம் அதிர்ஷ்டம். ஃபர்ஹாவோடு ஆடியது துணிச்சல், கணிப்பு. போக்கரில் ரெண்டும் கலந்துதான் இருக்கும். திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதில்தான் நம்ம நாட்டு நீதிமன்றங்களும் பல வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் பிற்பாடு ஆன்லைன் ரம்மியும் போக்கரும் நம்ம போனுக்குள் வந்தன.

என்னைக் கேட்டால், டாக்டராக எனக்கு அது முக்கியமான கேள்வியே இல்லை. திறமை ஆட்டத்துக்கும் ஒருவர் அடிமையாகலாம். ஆட்டம் எப்போது நிற்கும் என்பதுதான் என் கேள்வி.

மணிமேக்கர் ஆடியது டோர்னமென்ட். அவர் போட்டது 86 டாலர். தோற்றிருந்தால் போயிருக்கக்கூடியது 86 டாலர். மேசையில் தள்ளிய லட்சக்கணக்கான சிப்ஸ் பணமே இல்லை, வெறும் புள்ளிகள். தீர்ந்தால் எழுந்து போகணும். பாக்கெட்டில் கைவிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட முடியாது. டீலர் சீட்டைக் கலைத்து, போட்டு, எண்ணி முடிக்க ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஆட்டம்தான் நடக்கும்.

போனில்? ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாகப் போர்வைக்குள். பணம் தீர்ந்தால் யுபிஐ. யுபிஐ தீர்ந்தால் லோன் ஆப். லோன் ஆப் தீர்ந்தால் மனைவி தாலிச் செயின். சீட்டு கலைக்கும் நேரம்கூடக் கிடையாது. எழுந்து போ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சூதாட்டக் கோளாறு ஒரு மனநோய். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் 5 கையேடு, இதை மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. ஒரு பொருளையும் உட்கொள்ளாமலே வரும் அடிமைத்தனமாக அந்த அத்தியாயத்தில் முழு நோய் என்ற தகுதி பெற்றது இது ஒன்றுதான்.

மூளையின் வேதியியலோடு இதற்கு உள்ள தொடர்புக்கு ஒரு உதாரணம் சொல்றேன். பார்க்கின்சன் நோய்க்கு பிராமிபெக்சோல் என்று ஒரு மாத்திரை. டோபமைன் மாதிரி வேலை செய்யும். அதைச் சாப்பிடும் சிலருக்கு, வாழ்க்கையில் சூதாடியே பழக்கமில்லாத பெரியவர்களுக்கு, திடீரென்று கட்டுக்கடங்காத சூதாட்ட வெறி வந்தது. மாத்திரையைக் குறைத்ததும் நிறுத்தியதும் வெறி போய்விட்டது. 2005-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படி 11 பேரைப் பற்றி எழுதினார்கள். அதனால் சூதாடிக் குடும்பத்தைக் கெடுத்தவன் திமிர் பிடித்தவன் என்று மட்டும் பேசுவதை நான் ஒத்துக்க மாட்டேன். (வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திடாதீங்க. உங்க நரம்பியல் டாக்டரிடம் கேளுங்க.)

ஜெயிக்காமல், ஜெயிப்பதற்கு மிக அருகில் வந்து தோற்பது இன்னும் மோசம். மூளையில் வெற்றிக்கு விழிக்கும் பகுதிகள் அதற்கும் விழிக்கின்றன என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு சீட்டில் போச்சு என்று சொல்பவன் இன்னொரு தடவை பணம் போடுவது அதனால்தான்.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கும் எந்த டாக்டருக்கும் இது பாடப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. கடன் தொல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். என்ன கடன் என்று மெதுவாக, ஆள் இல்லாத நேரத்தில் கேட்டால்தான் ஆன்லைன் ஆட்டம் வெளியே வரும். பெரும்பாலும் 20, 30 வயசுப் பசங்க. முதலில் கொஞ்சம் ஜெயிச்சேன் டாக்டர் என்றுதான் அவர்கள் கதை ஆரம்பிக்கும்.

தமிழ்நாடு அரசு 2020-இல் அவசரச் சட்டம் போட்டது. பின் வந்த சட்டத்தை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு 2022-இல் மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மீண்டும் நிறைவேற்றியது என்று இழுத்து 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே வருஷம் நவம்பரில், ரம்மி, போக்கரைத் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையிலிருந்து நீதிமன்றம் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது.

அமெரிக்காவிலும் 2006 அக்டோபரில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அடுத்த வருஷமே போட்டிக்கு வந்தவர்கள் 6,358 ஆகக் குறைந்தார்கள். 2011 ஏப்ரல் 15 அன்று பெரிய போக்கர் தளங்கள் மீது அரசு நடவடிக்கை எடுத்து அமெரிக்காவில் முடக்கியது. மணிமேக்கரைக் கொண்டுவந்த தளமும் அதில் ஒன்று.

உங்க வீட்டிலோ நட்பிலோ யாராவது இதில் மாட்டியிருந்தால், திட்டுவதற்கு முன் 104-க்கோ, டெலிமனஸ் 14416-க்கோ கூப்பிடுங்க. ரெண்டும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடனைவிட அந்த ரகசியம்தான் முதலில் ஆளைக் கொல்கிறது.

மணிமேக்கர் என்ன ஆனார்?

பங்குக்காரர்களுக்குக் கொடுத்து, வரி கட்டி, மிச்சத்தை எடுத்துக்கொண்டார். அக்கவுண்டன்ட் வேலையை விட்டார். மண வாழ்க்கை 2004-இல் முறிந்தது. போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனத்தின் விளம்பர முகமாக 2020 வரை இருந்தார். 2019-இல் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்தப் பெரிய போட்டியில் அதற்குப் பிறகும் பல வருஷம் ஆடினார், பட்டம் இன்னொரு முறை வரவில்லை.

அவர் ஜெயித்து சரியாக 20 வருஷம் கழித்து, 2023-இல், அதே போட்டிக்கு 10,043 பேர் வந்தார்கள். கட்டணம் அதே 10 ஆயிரம் டாலர். 1972-லிருந்து அது மட்டும் ஏறவே இல்லை.